‘பளபளன்னு ஆக்கிட்டேண்ணா!’ - குன்னூரில் ஒரு மேட் பைக்குக்கு நடந்தது

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் குன்னூரில் ஏதாவது ஒரு வாட்டர் வாஷ் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப், டூரிஸ்ட் கார், ஸ்கூல் வேன், ஆட்டோ, அதற்குப் பின்னால் இருபது முப்பது பைக்குகள் என்று வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். பிரஷர் கன் சத்தத்தில் மலை ரயில் ஊதுவதுகூடக் காதில் விழாது. பூஜை லீவுக்குச் சென்னையிலிருந்து ஊருக்குப் போயிருந்த நானும் அந்த வரிசையில் இருந்தேன். வண்டி என்னுடையது இல்லை, என் சித்தி மகனுடையது.

அவனுக்கு 24 வயது. ஒரு தங்கும் விடுதியில் ஃப்ரன்ட் ஆபீஸ் வேலை. வாங்கி எட்டு மாதமே ஆன மேட் கறுப்பு பைக். முன்பணம் சித்தி கொடுத்தது. அரை ஏக்கர் தேயிலையில் இலை பறித்து ஃபேக்டரிக்குப் போட்டு, சீட்டு கட்டிச் சேர்த்த பணம். மீதிக்கு 36 மாதத் தவணை. எங்கள் குடும்பத்தில் புதிதாக, ஷோரூமிலிருந்து நேராக வீட்டுக்கு வந்த முதல் வண்டி அதுதான். அதனால் பைக்குக்கு வீட்டில் ஒரு தனி மரியாதை. சித்தி பேசும்போது அதை ‘வண்டி’ என்றே சொல்ல மாட்டார், ‘அவன்’ என்பார். “அவன மழைல விட்டுட்டு வந்துட்டியாடா?”

வரிசை நகரவில்லை. பக்கத்துக் கடையில் டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று நாங்கள் இருவரும் போய்விட்டோம். திரும்பி வந்தபோது வாஷ் முடிந்திருந்தது. கடையில் வேலை பார்க்கும் பையன், பத்தொன்பது வயது இருக்கும், கையில் பனியன் வேஸ்ட்டோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

“பளபளன்னு ஆக்கிட்டேண்ணா! எவ்ளோ தேய்ச்சும் டல்லாவே இருந்துச்சு. அதான் எக்ஸ்ட்ரா பாலிஷ் போட்டேன்.”

டேங்க்கின் மேல் பக்கத்தில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, கண்ணாடி மாதிரி ஒரு மினுமினுப்பு. சுற்றிலும் பழைய கரி நிறம், நடுவில் எண்ணெய் தடவிய வழுக்கைத் தலை. என் தம்பி முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையனுக்கோ தான் என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை. பாராட்டு எதிர்பார்த்து நின்றவன் அவன்.

மேலே நடந்ததைச் சொல்வதற்கு முன், அந்தப் பையன் அவ்வளவு தேய்த்தும் அது ஏன் ‘டல்லாவே’ இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே அன்று ராத்திரிதான் ஒழுங்காகப் புரிந்தது.

சாதாரண வண்டி பெயின்ட்டின் மேல் நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கும். அது தண்ணீர்ப் பரப்பு மாதிரி வழுவழுப்பானது. விழும் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பிப் போகிறது, நமக்குப் பளபளப்பாகத் தெரிகிறது. மேட் பெயின்ட்டிலும் கிளியர் கோட் உண்டு. ஆனால் அதில் சிலிக்கா போன்ற மிக நுண்ணிய துகள்களைக் கலந்திருப்பார்கள். பெயின்ட் காயும்போது மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமாக நின்றுவிடும். அதில் படும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிப்போகிறது. அந்தச் சிதறல்தான் மேட். இது மங்கிப்போன பெயின்ட் இல்லை, திட்டம்போட்டு உருவாக்கிய சொரசொரப்பு.

எங்கள் வீட்டு அம்மியை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். வருஷக்கணக்கில் அரைத்து அரைத்து அம்மி வழுவழுவென்று ஆகிவிட்டால், தெருவில் அம்மி கொத்துகிறவர் வரும்போது கூப்பிட்டு உளியால் கொத்தச் சொல்வார்கள். சொரசொரப்பு திரும்பி வந்துவிடும். மேட் பெயின்ட்டும் தேய்க்கத் தேய்க்க வழுவழுப்பாகும். வழுவழுப்பானால் மினுங்கும். ஆனால் அதைக் கொத்தித் தர ஆள் கிடையாது. சாதாரண பெயின்ட்டில் லேசான கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு மேல் அடுக்கைக் கொஞ்சம் தேய்த்துச் சமன் செய்துவிடலாம். மேட்டில் அந்த வைத்தியமே நோய். கீறலோ மினுங்கும் திட்டோ நிரந்தரமாக விழுந்துவிட்டால், அந்தப் பாகம் முழுவதையும் மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றுதான் வழி. அந்த இடத்துக்கு மட்டும் ‘டச்-அப்’ செய்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தனியாகத் தெரியும்.

இந்த மேட் ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதற்கான விடை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. குன்னூரிலிருந்து ஊட்டி போகிற வழியில் வெலிங்டன். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையமும், முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜும் அங்கேதான். சின்ன வயதில் ஸ்கூல் பஸ் ஜன்னலிலிருந்து நான் பார்த்த முதல் மேட் வண்டிகள் ராணுவ டிரக்குகள்தான். அந்த வண்டிகளில் பளபளப்பு இருக்கவே கூடாது. வெயிலில் ஒரு பானெட் மினுங்கினால் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். போர்க்களத்துக்காக வந்த மங்கல் நிறம், பிறகு ‘முரட்டு லுக்’ ஆகி, ஃபேஷனாகி, இப்போது மளிகை வாங்கப் போகும் ஸ்கூட்டர் வரை வந்துவிட்டது. டி.வி.எஸ் என்டார்க் ஸ்கூட்டர் 2018-ல் வந்தபோதே மேட் நிறங்களோடு வந்தது. ராயல் என்ஃபீல்டு 2017-ல் கிளாசிக் 500-ஐ ‘ஸ்டெல்த் பிளாக்’ என்ற மேட் கறுப்பில் கொண்டுவந்தது. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் காரிலும் 2025-ல் மேட் நிறங்கள் கிடைத்தன.

ராணுவம் என்றதும் ஒரு சுவாரசியமான விஷயம். ராயல் என்ஃபீல்டு 2018-ல் ‘பெகாசஸ்’ என்று ஒரு பைக் விட்டது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் கட்டி இறக்கிய ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ என்ற குட்டி பைக்கின் நினைவாக, உலகம் முழுக்க 1,000 வண்டிகள், இந்தியாவுக்கு 250. வெளிநாடுகளில் பழுப்பு, ஆலிவ் பச்சை என இரண்டு நிறங்கள். சென்னையில் தயாரான அந்த வண்டியை நம்மூரில் பழுப்பில் மட்டும்தான் வாங்க முடிந்தது. காரணம், 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி. பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. “மேட் ஆலிவ் கிரீன்ல ராப் ஒட்டினா செமையா இருக்கும்ல?” என்று கேட்கும் தம்பிகள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நிறங்களிலும் ஆர்.சி புக்கில் இருக்கும் நிறமும் வண்டியின் நிறமும் ஒத்துப்போக வேண்டும். சிவப்பு வண்டியை மேட் கறுப்பாக்கினால் ஆர்.டி.ஓ ஆபீஸில் சொல்லிப் பதிவைத் திருத்த வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் செக்போஸ்ட்டில் ஒரு நாள் மாட்டுவீர்கள்.

சரி, மலைக்கு வருவோம். மேட் வண்டி வைத்திருப்பவருக்கு நீலகிரியைவிடக் கடினமான பரீட்சை மையம் தமிழ்நாட்டில் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

எல்லோரும் மழையைத்தான் குறை சொல்வார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் கொட்டிய ஊர்ப்பக்கம் இது, மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வண்டி பெயின்ட்டுக்கு மழை பெரிய விரோதி இல்லை. ஒரு நல்ல மழை தூசியைக் கழுவிவிட்டுப் போய்விடும். தொல்லை மூடுபனியால்தான். ராத்திரி முழுக்க நனைத்துவிட்டு, காலையில் மெதுவாகக் காயும். முந்தின நாள் ரோட்டுத் தூசி, டீசல் புகை எல்லாம் சேர்ந்து திட்டுத் திட்டாகக் காய்ந்து நிற்கும். உடனே நாம் என்ன செய்வோம்? சீட்டுக்கடியிலிருந்து பழைய பனியனை எடுத்து ‘சர்ர்’ரென்று துடைப்போம். அந்தத் தூசியில் மணல் இருக்கிறது. மேட்டைப் பொறுத்தவரை அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. தம்பி எட்டு மாதமாகத் தினமும் காலையில் அன்போடு செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

வெயிலும் இங்கே சாது இல்லை. குளிராக இருப்பதால் நமக்கு உறைப்பதில்லை, அவ்வளவுதான். உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிர்களின் அளவு சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஊட்டிக்கு வந்துபோகும் சமவெளிக்காரர்கள் மூக்கு உரிந்து வீடு திரும்புவது இதனால்தான்.

அப்புறம் மரங்கள். எஸ்டேட்டில் நிழலுக்காக வைத்திருக்கும் சில்வர் ஓக், பூக்கிற காலத்தில் தேன் சொட்டும். யூகலிப்டஸும் பைனும் பிசின் சொட்டும். வாட்டமாக நிழல் இருக்கிறதே என்று அடியில் நிறுத்தினால் டேங்க் மேல் புள்ளிப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். மரத்தில் பறவை இருந்தால் கேட்கவே வேண்டாம். இதில் மலைப்பாதை வேறு ஒரு வேலை செய்கிறது. குன்னூர் குளிரில் விழுந்த எச்சம், பதினாலு கொண்டை ஊசி வளைவு இறங்கி மேட்டுப்பாளையம் வெயிலுக்கு வந்ததும் சூடேறி பெயின்ட்டோடு வெந்துவிடும். கீழே இறங்குவதற்கு முன்பே ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுத்துவிட்டால் தப்பிக்கலாம். ஊறவைக்காமல் நகத்தால் சுரண்டினால் தழும்பு நிச்சயம்.

தேயிலைத் தோட்டத்து ரோட்டோரம் நிறுத்துகிறவர்களுக்கு இன்னொன்று. மழைக்காலத்தில் கொப்புள நோய்க்காக காப்பர் ஆக்ஸிகுளோரைடு மருந்து அடிப்பார்கள். காற்றில் வந்து வண்டி மேல் படிந்தால் வெளிறிய பச்சைப் புள்ளிகளாகக் காயும். சித்தியே மருந்து அடித்த கையோடு தம்பி வண்டியைத் தொட்டு ஒரு நாள் வீட்டில் பெரிய ரகளை. அதையும் காய்ந்தபடி துடைக்காமல், முதலில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து எடுக்க வேண்டும்.

பர்லியார் பக்கம் குரங்குகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டீ குடிக்க நிறுத்தினால் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டு, டேங்க் மேல் உட்கார்ந்து நகத்தால் சுரண்டும். கோத்தகிரி பக்கத்து நண்பர் ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்திய ஸ்கூட்டரைக் காட்டுமாடு ஒன்று உடம்பு உரசித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. அதற்கு எந்த ஷாம்புவும் மருந்தில்லை.

வண்டிக்கு கவர் போட்டால் இதெல்லாம் தீருமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இங்கே அடிக்கும் காற்றில் கவர் ராத்திரி முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும். தூசி படிந்த டேங்க் மேல் ஒரு துணி எட்டு மணி நேரம் உரசினால், பாலிஷ் போட்ட கணக்குதான். ஈர வண்டி மேல் கவர் போட்டால் உள்ளே புழுக்கம் வேறு. கழுவிக் காய்ந்த வண்டிக்கு, உள்பக்கம் மென்மையான துணி வைத்த கவரை இறுக்கிக் கட்டினால் பரவாயில்லை. இல்லாவிட்டால் ஒரு கூரைக்கடியில் சும்மா நிறுத்துவதே மேல். நாமே உரசுவதும் உண்டு. டேங்க்கின் இரண்டு பக்கமும் ஜீன்ஸ் முழங்கால் படும் இடம் கொஞ்ச நாளில் மினுங்க ஆரம்பிக்கும். பழைய மேட் பைக் எதையாவது குனிந்து பாருங்கள், தெரியும். மெல்லிய மேட் ஃபிலிமோ ரப்பர் பேடோ ஒட்டிக்கொண்டால் அது தாங்கிக்கொள்ளும்.

அன்று ராத்திரி தம்பி சீட்டுக்கடியிலிருந்து கையேட்டை எடுத்தான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை! மேட் பாகங்களுக்கு பாலிஷ், வேக்ஸ் போடக் கூடாது என்று அதில் எழுதியே இருந்தது. எட்டு மாதமாக அவன் உட்கார்ந்து ஓட்டிய சீட்டுக்குக் கீழே.

கழுவும் முறை ஒன்றும் மந்திரம் இல்லை. நிழலில், இன்ஜின் ஆறிய பிறகு, முதலில் வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி மண்ணை இறக்க வேண்டும். பிரஷர் கன் என்றால் தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். ஸ்டிக்கர் ஓரத்தில் நேராக அடித்தால் பிய்ந்துவிடும். பிறகு பி.எச் நியூட்ரல் என்று போட்டிருக்கும் வண்டி ஷாம்பு. மேட்டுக்கென்றே வருவதும் கிடைக்கிறது. வேக்ஸ் கலந்த ‘வாஷ் அண்ட் ஷைன்’ வகையறா கூடாது. துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் விளக்கும் லிக்விட், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். நம்ம ஊர் வாஷ் கடைகளில் கடைசியாக ‘ஃபினிஷிங்’ என்று ஒரு டீசல் ஸ்ப்ரே அடிப்பார்களே, அதை முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கெட் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். மண் ஒட்டிய துணியை மறுபடி ஷாம்பு பக்கெட்டில் முக்கினால் அந்த மண் திரும்ப டேங்க்குக்கு வரும். மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல், குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. காயவைக்கும்போது தேய்க்காமல் துணியை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்க வேண்டும்.

இப்படிக் கழுவினால் இரண்டே பக்கெட் தண்ணீரில் முடிந்துவிடும். கோடையில் ரேலியா அணை இறங்கினதும் குடத்தோடு அலையும் குன்னூர்வாசிகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. சென்னைக்காரர்களுக்கு வேறு பிரச்னை. போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் உப்புப் புள்ளி படியும். பளபள வண்டியில் அதை பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம், மேட்டில் முடியாது. ஈரத்தை உடனே ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

பெட்ரோல் போடும்போது டேங்க் மேல் வழிந்தால்? இழுத்துத் துடைக்காமல் ஒற்றி எடுத்துவிட்டு உடனே தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்டிக்கர் கோந்தை எடுக்க எங்கள் ஊரில் எல்லோரும் கை நீட்டுவது நீலகிரித் தைலத்துக்குத்தான். கோந்தைக் கரைப்பதில் அது கெட்டிக்காரன், உண்மை. ஆனால் மேட்டின் சொரசொரப்பில் எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். அவசியம் என்றால் சீட்டுக்கடியில் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துச் சோதித்துவிட்டு, பிறகு ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். என் பங்குக்கு, வேண்டாம் என்றே சொல்வேன். தைலம் மூக்கடைப்புக்கு இருக்கட்டும்.

‘செராமிக் கோட்டிங் போட்டுட்டா கவலையே இல்ல’ என்று விற்பவர்கள் சொல்வார்கள். மேட்டுக்கென்று தயாரித்த கோட்டிங் இருக்கிறது. அதைப் போட்டால் அழுக்கும் தண்ணீரும் எளிதாக வழுக்கிக்கொண்டு போகும். கழுவுவது சுலபமாகும். ஆனால் குரங்கு நகத்தை அது நிறுத்தாது. நகத்தையும் கல்லையும் ஓரளவு தாங்குவது பி.பி.எஃப் என்கிற ஒளி ஊடுருவும் ஃபிலிம். அதிலும் மேட் வகை கேட்டு வாங்க வேண்டும். பளபள ஃபிலிமை மேட் பெயின்ட் மேல் ஒட்டினால் வண்டியே பளபளப்பாகிவிடும். காருக்கு முழுக்க ஒட்டுவது நல்ல செலவு. பைக்குக்கு டேங்க் மட்டும் ஒட்டினாலே பாதிக் கவலை போய்விடும். தவணை கட்டுகிறவர் கைக்கு அடக்கமானது அதுதான்.

மறுநாள் காலை பூஜை. அங்கே இரண்டாவது கண்டம் காத்திருந்தது. சித்தி தட்டோடு வந்தார். சந்தனம், குங்குமம், மஞ்சள், பூ, எலுமிச்சம்பழம். டேங்க் மேல் பட்டையாகச் சந்தனம் தீட்டி நடுவில் குங்குமம் வைக்கக் கையைக் கொண்டுபோனதும் தம்பி கத்தினான். “அம்மா, வேணாம்மா!”

“சாமிக்கு வைக்கறத வேணாங்கறியாடா?”

குங்குமமும் மஞ்சளும் நிறம் ஏற்றும் பொருள்கள். ஈரச் சந்தனத்தோடு சேர்த்து மேட்டின் சொரசொரப்பில் வைத்து ஒரு பகல் காயவிட்டால் அந்தச் சிவப்பும் மஞ்சளும் உள்ளே பிடித்துக்கொள்ளும். தேய்த்தால் மினுங்கும், தேய்க்காவிட்டால் கறை நிற்கும். இதையெல்லாம் நான் சித்தியிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் அம்மா ஒரு வழி சொன்னார். “முகத்துலதானே பொட்டு வைக்கணும்? வண்டிக்கு முகம் ஹெட்லைட். அந்தக் கண்ணாடியில வை.” சித்தி ஒரு நிமிஷம் யோசித்தார். ஹெட்லைட்டில் சந்தனம், நம்பர் பிளேட்டில் குங்குமம், ஹேண்டில்பாரில் பூ. எலுமிச்சம்பழம் வழக்கம்போல டயருக்கடியில். கண்ணாடி என்பதால் சாயங்காலம் ஈரத்துணியில் வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் மேட் வண்டி இருந்தால் இதைத் தாராளமாகக் காப்பியடிக்கலாம்.

இனி அந்தத் திட்டு என்னாயிற்று என்று சொல்கிறேன்.

பாலிஷ் போட்ட இடம் மினுங்கினால் இரண்டு காரணம் இருக்கலாம். பாலிஷில் இருக்கும் மெழுகும் எண்ணெயும் பள்ளங்களை நிரப்பியிருக்கலாம். அல்லது தேய்த்ததில் மேடுகளே மழுங்கியிருக்கலாம். முதலாவது என்றால் கழுவி எடுத்துவிடலாம், இரண்டாவது என்றால் முடிந்தது கதை. பூஜை முடிந்த மறுநாள், கோயம்புத்தூரில் மேட் கிளீனர் ஒரு பாட்டில் வாங்கி வரச்சொல்லி, நிழலில் வைத்து மூன்று தடவை ஊறவைத்து ஒற்றி எடுத்தோம். திட்டின் ஓரங்கள் மெல்ல மெல்லப் பழைய கரிக்குத் திரும்பின. நடுவில் ஒரு எட்டணா அளவுக்கு... சரி, எட்டணாவைப் பார்த்தே இராத தலைமுறைக்காகச் சொன்னால், ஒரு பத்து ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் போகவில்லை. அந்த இடத்தில் பையன் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்திருக்கிறான். மழுங்கிவிட்டது.

பெயின்டர் ஒருவரிடம் காட்டினோம். டேங்க் முழுக்க அடிக்க 4,500 ரூபாய் கேட்டார். “ஆனா கம்பெனி மேட் ஷேடு அப்படியே வரும்னு கேரன்டி தர மாட்டேன். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்” என்று நேர்மையாகவும் சொன்னார். கலவையின் விகிதம், அடிக்கிற கனம், காயும் வேகம் எல்லாவற்றையும் பொறுத்து மேட்டின் மங்கல் மாறும். குன்னூர் ஈரக் காற்றில் அதைச் சரியாகப் பிடிப்பது அனுபவசாலிக்கே கஷ்டமாம்.

அந்த 4,500 ரூபாயை யார் கொடுப்பது? பூஜைக்கு முந்தைய நாளே தம்பி கடை முதலாளியிடம் சண்டை போட்டிருந்தான். “பையன் சம்பளத்துல புடிச்சித் தர்றேன்” என்று அவர் சொல்லிவிட்டார். அப்போது அது எங்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. எனக்கும்தான், மறைக்கவில்லை. விலை கேட்டு முடித்த பிறகு தம்பியும் நானும் கடைக்குப் போனோம். முதலாளி இல்லை, பையன் மட்டும் இருந்தான். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வருகிறவன். மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். அவன் சொன்ன தொகையை இங்கே எழுத வேண்டாம். டேங்க் பெயின்ட் கூலி அதில் பாதிக்கும் மேல்.

“எனக்கு யாருமே சொல்லலக்கா. பளபளன்னு இருந்தாதான் மொதலாளி விடுவாரு. டல்லா போனா நான் ஒழுங்கா தேய்க்கலன்னு திட்டுவாரு” என்றான்.

வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்ததுதான் அவன் செய்த தப்பு. கையேட்டைப் படிக்காத எங்கள் வீட்டுப் பட்டதாரியும், வரும் வண்டிகளில் பாதி மேட்டாக இருக்கும் காலத்தில் பையனுக்குச் சொல்லிக்கொடுக்காத முதலாளியும் தப்பித்துக்கொள்ள, அவன் சம்பளத்தில் கைவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தம்பிக்கு மனசு வருவதற்கு இன்னும் ஒரு டீ தேவைப்பட்டது. வண்டி மேல் அவனுக்கு இருக்கிற பிரியத்துக்கு அதையும் குறை சொல்ல முடியாது. கடைசியில் முதலாளிக்கு போன் போட்டு, பணம் வேண்டாம், சம்பளத்தில் பிடிக்காதீர்கள் என்று சொன்னான். “சரி, பாக்கறேன்” என்றார் அவர். அந்த ‘பாக்கறேன்’ எனக்குத் திருப்தி இல்லை. மாசக் கடைசியில் பையனிடமே கேட்டுக்கொள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு சென்னை பஸ் ஏறினேன்.

போன வாரம் தம்பி போன் செய்தான். சம்பளம் முழுசாக வந்துவிட்டதாம். கடைச் சுவரில் பையன் ஒரு அட்டையை ஒட்டியிருக்கிறான், போட்டோ அனுப்பினான். ஸ்கெட்ச் பேனாவில் கோணல் மாணலாக: ‘மேட் வண்டியா? மொதல்லயே சொல்லுங்க. பாலிஷ் கிடையாது.’

டேங்க் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. தீபாவளி போனஸ் வரட்டும் என்றான். அதுவரைக்கும் அந்தப் பத்து ரூபாய் அளவு மினுமினுப்பை ஒரு குட்டி மலை ரயில் ஸ்டிக்கர் மறைத்துக்கொண்டிருக்கிறது. சித்தி வாங்கிக் கொடுத்ததாம்.